பச்சை விளக்கும் கெட்டி மேளமும்

தெரியாமல் செய்த தப்பை மறந்துவிடலாம். இது தப்பு என்று ஊருக்கே வகுப்பெடுத்துவிட்டு, அதையே செய்த தப்பை மறக்கவும் முடியாது, மற்றவர்கள் மறக்க விடவும் மாட்டார்கள். மின்வேலையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விதியை நான் மீறியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்கு நானூறு பேர் சாட்சி. வீடியோவும் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கண்ட்ரோல் பேனல் ஒயரிங் செய்துகொண்டிருந்தேன். இயந்திரங்களை ஓடச் சொல்லி, நிற்கச் சொல்லிக் கட்டளை கொடுக்கும் மெல்லிய கம்பிகளை ஒரு பெட்டிக்குள் ஒழுங்காக இணைப்பதுதான் வேலை. ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனையிலும் எண் போட வேண்டும். எந்த நிறம் எதற்கு என்பதற்குக் கணக்கு உண்டு. இதற்கெல்லாம் தடிமனான விதிப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை நான் சொந்தமாக வாங்கி, பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தேன். (படித்தது முதல் பாதியைத்தான். ஆனால் அட்டை முழுவதற்கும் போட்டிருந்தேன்.)

ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரான கம்பைநல்லூருக்கு வந்தால் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் சுவிட்ச் போர்டுகளைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. காபி கொடுத்தால் குடித்துக்கொண்டே மேலே போகும் பைப்பைப் பார்ப்பேன். "இது யாருங்க ஒயரிங் பண்ணது?" என்று கேட்பேன். அந்தக் கேள்வியை நான் கேட்கும் தோரணையில், வீட்டுக்காரர்களுக்கு அன்றிரவே வீடு எரிந்துவிடும் என்று தோன்றும். கொஞ்ச நாளில் நான் தெருவில் வருவது தெரிந்தாலே சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

என் பேச்சில் அடிக்கடி வருவது ஒரு விதி. வீட்டுக் கரண்ட் போகும் கம்பியும், பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு வோல்ட் மட்டுமே போகும் கட்டுப்பாட்டுக் கம்பியும் ஒரே பைப்புக்குள் போகக் கூடாது. இரண்டு காரணம். கம்பியின் மேல்தோல் எங்கேயாவது உரிந்தால், பெரிய கரண்ட் சின்னக் கம்பிக்குள் ஏறி, பட்டனைத் தொடுபவன் கைக்கு வந்துவிடும். தோல் உரியாவிட்டாலும், பெரிய கம்பியில் கரண்ட் திடீரென்று பாயும்போது பக்கத்திலேயே படுத்திருக்கும் சின்னக் கம்பியிலும் ஒரு துள்ளல் உண்டாகும். யாரும் பட்டனைத் தொடாமலே மணி அடிக்கும். இதை நான் என் அம்மாவுக்கே மூன்று முறை விளக்கியிருக்கிறேன். அம்மா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு "சரி சாமி, சரி சாமி" என்பாள்.

அந்த வருடம் வைகாசியில் என் ஒரே தங்கை தேன்மொழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. மாப்பிள்ளை நல்லம்பள்ளிக்காரர், கூட்டுறவு சங்கத்தில் வேலை. கல்யாணம் எங்கள் ஊர் மண்டபத்தில்.

அந்த மண்டபத்தில் ஒரு குறை இருந்தது. மேளக்காரர்கள் உட்காரும் இடத்துக்கும் மணமேடைக்கும் நடுவில் யானைக்கால் மாதிரி ஒரு தூண். முகூர்த்த நேரத்தில் வீடியோக்காரர், போட்டோக்காரர், சொந்தக்காரர்கள் எல்லோரும் மேடையைச் சூழ்ந்துகொண்டால் ஐயர் கையை ஆட்டுவது மேளக்காரர்களுக்குத் தெரியாது. முந்தைய வருடம் எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு அங்கே கல்யாணம் நடந்தபோது, மூன்று முடிச்சும் போட்டு முடித்த பிறகுதான் மேளம் அடித்தார்கள். அம்மாவுக்கு அது மனதில் முள்ளாகத் தைத்திருந்தது.

"மத்தது எது கொறஞ்சாலும் பரவால்லடா. எம்பொண்ணுக்குத் தாலி ஏறுறப்ப மேளம் அடிக்கணும். அத மட்டும் பாத்துக்க," என்றாள்.

இதைக் கேட்டதும் என் மூளையில் விளக்கு எரிந்தது. (எரியாமல் இருந்திருக்கலாம்.) மேடையில் ஐயர் பக்கத்தில் ஒரு பட்டன். மேளக்காரர்கள் முன்னால் ஒரு பச்சை விளக்கு, கூடவே ஒரு மணி. ஐயர் பட்டனை அமுக்கினால் பச்சை விளக்கு எரியும், மணி அடிக்கும், கெட்டி மேளம் முழங்கும். ஐயர் அவசரத்தில் லேசாகத் தொட்டாலும் போதும்படி ஒரு சின்ன மின்னணு அட்டையும் சேர்த்தேன். தொட்டது ஒரு நொடியானாலும் விளக்கும் மணியும் முழுதாகப் பத்து நொடி நிற்கும். எல்லாம் இருபத்து நான்கு வோல்ட். பாதுகாப்பானது. நவீனமானது. தர்மபுரி மாவட்டத்திலேயே முதல் முறை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

மண்டபத்து எலெக்ட்ரீஷியன் பீட்டர். என் வயதுதான். ஐ.டி.ஐ. படித்தவன், அதிகம் பேசாதவன். கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலையில் போனதும் அவனுக்கு என் விதியை விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"ஆமாங்க, தனிப் பைப்புதான் போடணும்," என்றான். "போட்டுரலாங்க. ரெண்டு மணி நேர வேல."

அப்போது அம்மா வந்தாள். தனிப் பைப்பு போவதற்கு இருந்த ஒரே வழி மேடையின் பின்சுவர். அங்கே பூ அலங்காரம் முடிந்திருந்தது. ரோஜாவும் சாமந்தியுமாக இருந்த சுவரின் குறுக்கே வெள்ளைப் பைப்பு ஒன்று போகும் என்றதும் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்தது.

"வீடியோவுல தாலி கட்டறப்ப பொண்ணு தலைக்கு மேல பைப்பு தெரியட்டுமா?"

மேடைக்கு அடியிலிருந்து தூண் வழியாகப் போய், பிறகு பந்திக்கூடத்தைத் தாண்டிப் பின்பக்கம் வரை போகும் பழைய பைப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதற்குள் தண்ணீர் மோட்டாருக்குப் போகும் கரண்ட் கம்பிகள் ஓடின. தூண் வரைக்கும் என் கம்பியையும் அதிலேயே திணித்துவிட்டால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எனக்கோ சட்டை தைக்கக் கொடுத்த கடை மத்தியானம் மூடுவதற்குள் போயாக வேண்டும்.

"இதுலயே வுட்டுருங்க பீட்டர்," என்றேன்.

பீட்டர் என்னைப் பார்த்தான். "நீங்கதான இப்ப சொன்னீங்க, ஒண்ணா போகக் கூடாதுன்னு."

"அது நிரந்தர வேலைக்குங்க. இது ஒரு நாளைக்குத்தான."

விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு விலக்கு எங்கும் இல்லை. ஒருவேளை நான் படிக்காத இரண்டாம் பாதியில் இருக்கக்கூடும் என்று அந்த நிமிடம் நான் நம்பினேன். பீட்டர் கம்பியை உள்ளே விட்டான்.

சாயங்காலம் சோதனை செய்தேன். இருபது தடவை அமுக்கினேன், இருபது தடவையும் எரிந்தது. மோட்டார் அப்போது ஓடவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மேளக் குழுவின் தலைவரான தவில்காரரைக் கூப்பிட்டு விளக்கினேன்.

"முப்பது வருசமா ஐயரு கையப் பாத்துதாங்க அடிக்கிறோம்," என்றார் அவர். "இப்ப பல்பப் பாத்து அடிக்கணுங்களா?"

"ஆமாங்க. பச்ச வெளக்கு எரிஞ்சா எதையும் யோசிக்காதீங்க, அடிச்சிருங்க. எரியலைன்னா யார் சொன்னாலும் அடிக்காதீங்க."

அவர் தலையை ஆட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர் என்பது மறுநாள்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை ஏழே கால். முகூர்த்தம் எட்டரைக்குள். மாப்பிள்ளை மேடையில் தனியாக உட்கார்ந்து ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். பொண்ணு இன்னும் அறையில் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. மணி அடித்தது. தவில்காரர் எதையும் யோசிக்கவில்லை. கெட்டி மேளம் முழங்கியது.

மேளம் கேட்டால் நம் ஆட்களுக்குக் கை தானாக வேலை செய்யும். முன்வரிசையில் ஐம்பது அறுபது பேர் கையிலிருந்த அட்சதையை வீசினார்கள். தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தலையில் மஞ்சள் அரிசி மழை. அவர் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "எனக்கு மட்டும் முடிஞ்சிருச்சுங்களா?" என்று ஐயரைக் கேட்டார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஐயர் கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேடைக்குப் போனேன்.

"நான் தொடவேயில்ல தம்பி," என்றார் ஐயர். "ரெண்டு கையிலயும் நெய்க் கரண்டி இருக்கு, பாருங்க."

பட்டனை அவரிடமிருந்து ஒரு அடி தள்ளி வைத்துவிட்டு இறங்கினேன்.

இரண்டாவது தடவை தேன்மொழி தோழிகளோடு அறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நடைபாதையில் பாதி தூரம் வந்திருப்பாள். மேளம் முழங்கியது. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அட்சதையை வீசினார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல், உதடு மட்டும் அசைய, பக்கத்தில் வந்த என்னிடம் "என்னண்ணா இது?" என்றாள்.

"டெஸ்டிங்," என்றேன்.

மாப்பிள்ளையின் பெரியத்தை முன்வரிசையில் எழுந்து நின்றார். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். "ரெண்டு வாட்டி மேளம் தானா அடிச்சிருக்குது. இது நல்லதுக்கா, கெட்டதுக்கா? ஐயருகிட்ட கேளுங்க. வேணும்னா வேற முகூர்த்தம் பாத்துக்கலாம்," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நிதானமாகச் சொன்னார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

நல்லவேளை, மாப்பிள்ளையே எட்டிப் பார்த்து, "அத்த, மேளம் அடிச்சா நல்லதுதான. ஒண்ணுக்கு ரெண்டா அடிச்சிட்டுப் போகுது, உக்காருங்க," என்றார். அத்தை உட்கார்ந்தார். ஆனால் என்னை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

நான் மேடையில் ஏறி, பட்டன் பக்கத்திலேயே மண்டியிட்டு, அதன்மேல் யார் கையும் படாதபடி என் உள்ளங்கையைக் குடை மாதிரி கவிழ்த்துக்கொண்டேன். வீடியோவில் பார்த்தால் ஏதோ கோழிக்குஞ்சைக் காப்பாற்றுகிற மாதிரி இருக்கும். தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசி வாங்க எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தட்டு நாலாவது வரிசையில் இருந்தபோது, என் கைக்கடியில் பட்டன் அசையாமல் இருக்க, தூணுக்கு அந்தப் பக்கம் பச்சை விளக்கு எரிந்தது.

கெட்டி மேளம். அட்சதை. இந்த முறை பின்வரிசைக்காரர்கள் தாலி கட்டியாயிற்று என்று முடிவு செய்து, எழுந்து பந்திக்கூடத்தைப் பார்த்து நடந்தார்கள்.

மேளம் ஓய்ந்த அந்த இடைவெளியில்தான் எனக்குக் கேட்டது. மண்டபத்தின் பின்பக்கம் தண்ணீர் மோட்டார் ஓடுகிற உறுமல்.

மோட்டாரைப் போட்டவுடன் அந்தக் கம்பியில் கரண்ட் ஒரேயடியாகப் பாய்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் என் கம்பி துள்ளுகிறது. லேசாகத் தொட்டாலே போதும் என்று நான் பெருமையோடு சேர்த்த அட்டை, அதை ஐயர் கை என்று நினைத்துக்கொள்கிறது. விதிப் புத்தகத்தில் நான் படித்த முதல் பாதியிலேயே இது இருந்தது.

மேடையிலிருந்து குதித்தேன். ஓடும்போது பீட்டரிடம், "மணிய கழட்டிருங்க, ஒயர கழட்டிருங்க," என்றேன். அவன் ஏற்கெனவே ஸ்க்ரூடிரைவரோடு தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தான். அவனை நம்பி அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த நேரம் யார்மேலும் நம்பிக்கை இல்லை, முக்கியமாக என்மேல். மோட்டார் சுவிட்சுக்கே ஓடினேன்.

அங்கே சித்தப்பா நின்றிருந்தார். காலைப் பந்திக்குத் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கை கழுவும் குழாயில் தண்ணீர் மெலிந்தால் உடனே மோட்டார் போடுவார், நிறைந்தால் நிறுத்துவார். தன் கடமையை அவ்வளவு கவனமாகச் செய்த மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

"மோட்டார நிறுத்துங்க சித்தப்பா."

"ஏன்டா, தண்ணி நின்னுரும். நூறு பேரு எச்சக் கையோட நிக்கறாங்க."

"தாலி கட்டற வரைக்கும் யாரும் கை கழுவக் கூடாது."

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது எந்த ஊரு சம்பிரதாயம்டா?"

விளக்கிச் சொல்ல நேரமில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். பொங்கலும் சாம்பாரும் ஒட்டிய கையை முழங்கைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு கூட்டம் குழாய் முன்னால் நின்றது. முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது என்று யாரோ சொல்ல, அந்தக் கூட்டம் அப்படியே மண்டபத்துக்குள் போனது.

அதன்பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. என் ஒரே தங்கைக்குத் தாலி கட்டியதை நான் வீடியோவில்தான் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வலிக்கும்.

வீடியோவில் இருப்பது இதுதான். மாப்பிள்ளை தாலியை எடுத்துத் தேன்மொழியின் கழுத்துக்கு நேராகப் பிடிக்கிறார். ஐயர் பட்டனை அமுக்குகிறார். ஒயரைக் கழட்டியாயிற்று என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுபடியும் அமுக்குகிறார். லிப்ட் வராத கோபத்தில் அமுக்குகிற மாதிரி ஏழெட்டுத் தடவை அமுக்குகிறார். பிறகு கையை ஆட்டுகிறார். நடுவில் தூண், சுற்றிலும் கூட்டம். அப்பா "மேளம், மேளம்" என்கிறார், அவர் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. தவில்காரர் இரண்டு கையையும் தவிலின் மேல் தயாராக வைத்துக்கொண்டு, எரியாத பச்சை விளக்கையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எரியவில்லை என்றால் யார் சொன்னாலும் அடிக்கக் கூடாது என்பது அவருக்கு நான் இட்ட கட்டளை. மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி சிலையாக இருக்கிறார். மண்டபம் முழுவதும் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி.

என் தங்கை தலையை நிமிர்த்தினாள். ஐந்நூறு பிள்ளைகளை மைதானத்தில் விசில் இல்லாமலே வரிசையில் நிறுத்துகிற குரல் அவளுக்கு.

"என்னங்க பாத்துட்டு இருக்கீங்க? மேளத்த அடிங்க."

அது பின்னால் மோட்டார் சுவிட்ச் முன்பு நின்ற எனக்கே கேட்டது. அடுத்த நொடி கெட்டி மேளம் முழங்கியது. அட்சதை பறந்தது. கை கழுவாதவர்கள் வீசிய அட்சதை மட்டும் பறக்கவில்லை. அது விரலிலேயே ஒட்டிக்கொண்டது, உதறியதில் கொஞ்சம் பொங்கலும் சேர்ந்து போனது. மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை தோளில் ஒரு முந்திரிப் பருப்பு உட்கார்ந்திருப்பது கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தில் தெளிவாகத் தெரியும்.

எல்லாம் முடிந்து, பெரியத்தை நேராக என்னிடம் வந்தார். நான் சுவிட்ச் பெட்டியை விட்டு இன்னும் நகரவில்லை.

"தம்பி, எம்பேத்திக்குத் தையில கல்யாணம்," என்றார். "நீ சாப்பிட மட்டும் வந்தாப் போதும்."

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பீட்டர் அந்தப் பைப்பிலிருந்து என் கம்பியை இழுத்து வெளியே எடுத்தான். ஒரு இடத்தில் மேல்தோல் கீறியிருந்தது. உள்ளே செம்பு மினுங்கியது. திணிக்கும்போது உரசியிருக்க வேண்டும். அவன் அதை விரலால் காட்டினான்.

"மோட்டாரு கம்பியும் இதே எடத்துல உரிஞ்சிருந்தா, அந்தக் கரண்ட்டு ஐயரு கைக்குப் போயிருக்குமுங்க."

அதுவரை எனக்கு வெட்கம் மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. அந்த விதியை நான் அத்தனை நாள் ஒரு பேச்சாகத்தான் வைத்திருந்தேன் என்று தெரிந்தது. ஐயர் தூரத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பூவெல்லாம் பிரித்த பிறகு, நானும் பீட்டரும் சேர்ந்து பின்சுவரில் தனிப் பைப்பு போட்டோம். பீட்டர் சொன்னது சரிதான், இரண்டு மணி நேரம்தான் ஆயிற்று. இரண்டு முனையிலும் எண் போட்டேன். மோட்டாரைப் போட்டு, நிறுத்தி, போட்டு, நிறுத்திச் சோதித்தேன். பச்சை விளக்கு அசையவில்லை. இன்றைக்கும் அந்த மண்டபத்தில் அது வேலை செய்கிறது. தவில்காரர் மட்டும் பல்பையும் பார்ப்பதில்லை, ஐயர் கையையும் பார்ப்பதில்லை. பொண்ணு வாயைப் பார்த்துத்தான் அடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நான் இப்போது அதே தொழிற்சாலையில் மற்றவர்கள் செய்த ஒயரிங்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன். கட்டுப்பாட்டுக் கம்பியும் கரண்ட் கம்பியும் ஒரே பைப்பில் போனால் கையெழுத்துக் கிடையாது. ஒரு நாளைக்குத்தானே சார் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாகக் கிடையாது. விதிப் புத்தகத்தின் இரண்டாம் பாதியையும் படித்துவிட்டேன். விலக்கு எதுவும் இல்லை.

தேன்மொழிக்கு இப்போது ஒரு மகள், இரண்டாம் வகுப்பு. அந்த வீடியோவை ஞாயிற்றுக்கிழமைதோறும் கார்ட்டூன் மாதிரி போட்டுப் பார்ப்பாள். போன மாதம் தேன்மொழி போன் செய்தாள். "அண்ணா, உம்மருமவ ஸ்கூல்ல என்ன சொல்லிட்டு வந்திருக்கான்னு தெரியுமா? அவங்க மிஸ்ஸு என்னைக் கூப்பிட்டு விசாரிக்கறாங்க."

வகுப்பில் எல்லோரையும் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். என் மருமகள் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாளாம்:

"எங்கம்மாவுக்கு நாலு தடவ கல்யாணம் ஆச்சு மிஸ். மூணு தடவ மாமா பண்ணாரு. கடேசியா ஒரு தடவதான் அப்பா பண்ணாரு."